சாண எரிவாயுவும் பாசித் தொட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாண எரிவாயுவில் உள்ள கரியமில வாயுவைப் பாசிக்கு உணவாக்கி, எரிவாயுவைச் சுத்திகரிப்பது பற்றிய கட்டுரை படித்தேன். செய்தி சரிதான், வீட்டுக்கு வீடு செய்யலாம் என்பதில்தான் கணக்கு உதைக்கிறது.

நாலைந்து மாடு உள்ள வீட்டில் நாளுக்கு 2 கன மீட்டர் வாயு தரும் கலன் இருக்கும். வாயுவில் 40 சதவீதம் கரியமில வாயு என்றால் நாளுக்குச் சுமார் 1.4 கிலோ. ஒரு கிலோ உலர் பாசி வளர அதில் 1.8 கிலோ வேண்டும். திறந்த தொட்டியில் சதுர மீட்டருக்கு நாளுக்கு 10 கிராம் எடுத்தாலே நல்ல விளைச்சல். அப்படிப் பார்த்தால் 80 சதுர மீட்டர், அதாவது இரண்டு சென்ட். எங்கள் பக்கத்து அணைக்கட்டு, கே.வி.குப்பம் ஊர்களில் அடுப்பெரிக்க அவ்வளவு நிலத்தை யார் விடுவார்கள்?

அடுப்புக்குக் கரியமில வாயுவை நீக்கவே தேவையில்லை. பர்னரை அரிப்பது அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு. லேத் பட்டறை இரும்புச் சுருளை நனைத்துத் துருவேற்றி, குழாயில் அடைத்து, வாயுவை அதன் வழியே விட்டால் போதும். கருத்ததும் வெளியே எடுத்து மெல்லியதாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து ஆறவிட வேண்டும். குவியலாக விட்டால் காற்றுப்பட்டுச் சூடேறித் தீப்பிடிக்கும். வைக்கோல் போர்ப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

வண்டிக்கு எரிபொருள் தயாரிக்கும் பெரிய கலன் என்றால் பாசி பொருந்தும். ஆனால் கட்டுரைப் படத்தில் உள்ளதுபோல் வாயுவை நேரே பாசித் தொட்டியில் விடுவது ஆபத்து. பாசி விடும் ஆக்சிஜன் மீத்தேனோடு கலந்துவிடும். வண்டி எரிபொருளுக்கான ஐ.எஸ். 16087 என்ற இந்தியத் தரம் அனுமதிக்கும் ஆக்சிஜன் 0.5 சதவீதம் மட்டுமே. உயரமான குழாய்க் கலனில் கீழிருந்து வாயுவையும் மேலிருந்து தொட்டி நீரையும் விட்டு, கரியமில வாயுவை ஏற்ற நீரை மட்டும் பாசிக்குத் திருப்ப வேண்டும். அதிலும் ஒன்று: உச்சி வெயிலில் தொட்டி நீரில் லிட்டருக்கு 15 மில்லிகிராம் ஆக்சிஜன்கூட இருக்கும். ஒரு கன மீட்டர் வாயுவுக்கு ஒரு கன மீட்டர் நீர் ஓட்டினால், அதிலிருந்தே ஒரு சதவீதத்துக்கு மேல் வாயுவில் ஏறிவிடும். நீரை முதலில் மூடிய தொட்டியில் தேக்கினால், பாசி அடியில் படியும். இருட்டில் ஆக்சிஜனும் குறையும். பிறகு அந்த நீரைக் குறைந்த அளவே ஓட்டலாம். அதற்கு, கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும் சோடாச் சத்து (கார்பனேட் உப்பு) நீரில் போதுமான அளவு இருந்து, பி.எச். (காரத்தன்மையைக் காட்டும் அளவு) 9-க்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். பாசி வேலை செய்யாத இரவு ஓட்டத்துக்கும் அந்தச் சத்துதான் கை கொடுக்கும்.

நம் பக்கத்துக் கிணற்று நீரின் கடினத்தன்மை அங்கேதான் வேலையைக் காட்டும், அந்த பி.எச்.-இல் சுண்ணாம்பு படிந்து குழாய்த் துளைகள் அடைபடும். மழைநீர் சேர்ப்பது நல்லது. பாசியை மாட்டுத் தீவனமாக்கலாம் என்கிறது கட்டுரை. பாசி உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும். ராணிப்பேட்டை, ஆம்பூர் போன்ற தோல் பதனிடும் ஊர்களின் நீரில் வளர்த்ததை, குரோமியம் சோதிக்காமல் மாட்டுக்குப் போடக் கூடாது; எருவாக்குவதற்கும் அதே சோதனை வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.