மீதி 96 துண்டுப்பிரதிகள்: பினாங்குத் தமிழ்ச் சபைப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள போதகர் ஐயாமார்களுக்கும், மூப்பர்களுக்கும், நற்செய்திக் குழுவில் ஓடியாடும் தம்பி தங்கச்சிகளுக்கும்,

ஸ்தோத்திரம்.

என் துணி அலமாரியின் மேல்தட்டில், பழைய சேலைகளுக்கு அடியில், ரப்பர் வளையம் போட்ட நற்செய்தித் துண்டுப்பிரதிக் கட்டு ஒன்று கிடக்கிறது. சில வருடங்களுக்கு முன் தைப்பூசத்தன்று கொடுக்கச் சொல்லி ஆளுக்கு 100 பிரதிகள் தந்தார்கள். நான் கொடுத்தது நான்கு. திரும்பி வந்ததும் பொறுப்பாளர் கணக்குக் கேட்டார். "முடிஞ்சிருச்சு" என்றேன். சாட்சி சொல்லப் போன இடத்திலிருந்து பொய் சொல்லிக்கொண்டு வீடு திரும்பியவள் நான். அதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் மற்றதை எழுதக் கை வரும்.

அந்த நாலாவது பிரதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகிற சாலையில் இரண்டு பக்கமும் பந்தல்கள், நல்ல வெயில். ஒரு பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவரிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். கோபப்படவில்லை. இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வெயில்ல நிக்கிறியேம்மா, இந்தா குடி" என்று ஒரு குவளை மோரைக் கொடுத்தார். அவர் கும்பிடுகிற சாமியை வெறும் கல் என்று சொல்லித்தான் அந்தப் பிரதி தொடங்குகிறது. அது எனக்குத் தெரியும். அவர் இன்னும் படிக்கவில்லை. மோரைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு முகமெல்லாம் சுட்டது. கட்டைக் கைப்பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

உங்கள் பயிற்சி வகுப்பில் இதற்குப் பெயர் மனுஷருக்குப் பயப்படுதல். அது கண்ணியை வருவிக்கும் என்ற நீதிமொழியையும் கூடவே சொல்வீர்கள். சரி, பயம்தான், மறுக்கவில்லை. ஆனால் எதற்குப் பயம் என்று ஒருவரும் கேட்டதில்லை. யாரும் அடித்துவிடுவார்கள் என்று நான் பயப்படவில்லை. என் பெரியம்மா ஒவ்வொரு பொங்கலுக்கும் படையலுக்கு வைக்கும் முன்பே எங்களுக்கென்று தனிச் சட்டியில் எடுத்து வைத்துவிடுவார். படைத்ததை நாங்கள் சாப்பிடமாட்டோம் என்று அவருக்குத் தெரியும். யாரும் சொல்லிக் கொடுக்காமல், சண்டை போடாமல், இத்தனை வருடமாக அந்தச் சட்டி வருகிறது. அந்தப் பெரியம்மாவின் முகம் என்னால் சுருங்கிப் போகுமே என்பதுதான் என் பயம். அதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிட்டு நீங்கள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறீர்கள்.

அன்பினால்தான் பேசாமல் இருக்கிறேன் என்று நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது எவ்வளவு தூரம் உண்மை என்று ஒரு அக்கா காட்டிக் கொடுத்தார்.

பிறையிலிருந்து பாயான் லெப்பாஸுக்குத் தொழிற்சாலை பஸ்ஸில் போகிறவள் நான். பினாங்குப் பாலமே 13.5 கிலோமீட்டர், நெரிசல் என்றால் ஒரு குட்டித் தூக்கம் போடலாம். பல வருடங்களாகப் பக்கத்து சீட்டில் அந்த அக்காதான். மாரியம்மன் பக்தை. ஆனால் ஜூலை மாதம் வந்தால் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்கும் போய், மெழுகுவர்த்தி ஏற்றி, ஊற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருவார். (நம் சபையார் பலர் அங்கே போவதில்லை. அது வேறு கதை.) ஒருநாள் பாலத்தின் நடுவில் கேட்டார்: "அன்னம்மா யேசுவுக்குப் பாட்டியாமே, உங்க பைபிள்ல இருக்கா?" "பைபிள்ல அந்தப் பேர் இல்லக்கா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பேச்சை எடுத்துக் கொடுத்தவரே அவர். இதைவிடச் சுலபமாக யார் கேட்கப் போகிறார்கள்?

அதற்கடுத்த வருடம் என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். சில மாதங்களில் அக்காவின் தம்பியும் போய்விட்டார். மறுபடி வேலைக்கு வந்த முதல் நாள் பஸ்ஸில், "நீ எப்படித் தங்கச்சி தாங்குனே? ராத்திரியில என்னதான் செஞ்சே?" என்றார். என்னிடம் பதில் இருந்தது. ஆனால் வாயில் வந்தது, "பழகிப் போயிரும்க்கா."

அவர் கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "இத்தன வருசமா உங்க சாமியப் பத்தி நீ ஒரு வார்த்த பேசினதில்ல. எனக்கெல்லாம் சொன்னா விளங்காதுன்னு நெனச்சிட்டியா?"

நான் மரியாதை என்று நினைத்தது அவருக்கு அலட்சியமாகப் பட்டிருக்கிறது. அன்றைக்குத்தான் சொன்னேன். பெரிதாக ஒன்றுமில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து 23ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்தது. மரண இருளின் பள்ளத்தாக்கு என்ற இடம் வந்ததும் மேலே போக முடியாமல் நின்றது. வீட்டில் நான் தனியாக இல்லை என்று உறைத்தது. குரல் நடுங்கியது. பாதியில் நிறுத்தி மூக்கைச் சிந்தினேன், அவரும் சிந்தினார். அக்கா மதம் மாறவில்லை. இன்றும் வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறார். உங்கள் படிவத்தில் "ஏற்றுக்கொண்டவர்கள்" என்ற கட்டத்தில் நான் எழுத ஒன்றுமில்லை.

போதகர் ஐயாமார்களே, கொரிந்துவில் கர்த்தர் பவுலிடம் "நீ பயப்படாமல் பேசு, மவுனமாயிராதே" என்று சொன்னதை வைத்து எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அதே கொரிந்தியருக்குப் பவுல் பிறகு எழுதும்போது, பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன் என்கிறார். இதை வைத்துப் பிரசங்கம் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. உங்களுக்கும் நாக்கு ஒட்டிக்கொண்ட நாள் ஒன்று இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லுங்களேன். ஜெயித்த கதைகளைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குத் தைரியம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

இளம்பிள்ளைகளுக்குச் சட்டத்தையும் சொல்லிக் கொடுங்கள். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் தன் சமயத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு, முஸ்லிம்களிடையே எந்தச் சமயக் கோட்பாட்டைப் பரப்புவதையும் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்கிறது. இந்த எல்லை சரியாகத் தெரியாததால், பக்கத்து மேசைத் தமிழ்ப் பிள்ளை வலிய வந்து கேட்டால்கூட நம் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை. நம் சபைகளில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அரை மணி நேரம் போதும்.

பாஷை இன்னொரு தொல்லை. வகுப்பில் நாங்கள் மனப்பாடம் செய்வது நீதிமானாக்கப்படுதல், மீட்பு, கிருபை. பஸ்ஸில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? இயேசுவால் கண் திறக்கப்பட்ட பிறவிக் குருடனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம்: முன்னே தெரியவில்லை, இப்போது தெரிகிறது. அவனுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுவோம். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சடித்ததை எல்லாரும் சொல்வார்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்து எழுதிப் பழகியதையும் சிலர் சொல்வார்கள். அவர் இந்துக்களிடம் கேள்விகளைக் கடிதமாக எழுதிக் கேட்டு, அவர்கள் தந்த பதில்களை ஜெர்மனிக்கு அனுப்பினார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்தக் காலத்திலேயே அவர் கேட்டிருக்கிறார். நாம் பேசுவது எப்படி இருக்கிறது என்று நாம் யாரிடமும் கேட்டதில்லை.

ஆகவே அடுத்த பயிற்சி வகுப்பில், கணக்குப் படிவத்தை எடுத்து வைத்துவிட்டு, சபைக்கு வெளியே உள்ள இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவர்களுக்கு நாம் பிரசங்கம் செய்ய வேண்டாம். நாங்கள் ஒவ்வொருவரும் எங்களுக்கு நடந்ததை ஐந்து நிமிடம் சொல்கிறோம். எங்கே விளங்கவில்லை, எங்கே மனசு நோகிறது என்று அவர்கள் சொல்லட்டும்.

அக்காவிடம் கேட்டுவிட்டேன். "வரேன்லா" என்றார். ஆனால் இரண்டு நிபந்தனைகள். தன்னை முன்னால் கூப்பிட்டுத் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணக்கூடாது. பசியாற ஏதாவது இருக்க வேண்டும். பண்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் வைத்தால் எங்கள் இரண்டு பேருக்கும் ஷிப்ட் முடிந்திருக்கும்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
பிறையிலிருந்து ஒரு சபை அங்கத்தினர்