பதவிக்கு வரம்பு சரி, தேர்தல் தேதிக்கு?

ஆசிரியருக்கு,

மலேசியப் பிரதமரின் பதவிக்காலத்தைப் பத்து ஆண்டுகளுக்குள் வரையறுக்கும் திட்டம் பற்றிய செய்தியைப் படித்தேன். 1981 முதல் 2003 வரை, 22 ஆண்டுகள், துன் மகாதீர் ஒருவரே பிரதமராக இருந்த நாடு இது. வரம்பு வரட்டும். சரி, தேர்தல் தேதி? ஐந்தாண்டு முடிந்தால் நாடாளுமன்றம் தானாகவே கலையும். அதற்கு முன்பே கலைக்கும்படி மாமன்னரிடம் கேட்கும் உரிமை பிரதமரிடம் இருப்பதால், ஆளுங்கட்சிக்குத் தோதான நாளைத் தேடும் விளையாட்டு ஓய்வதில்லை. 2018இல் வாக்களிப்பு புதன்கிழமை. தேதியை அறிவித்த பிறகுதான் அன்றைக்கு விடுமுறை என்று அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகன் இரவு ஷிப்ட் முடிந்து, ஜொகூர் பாலத்து நெரிசலில் நின்று, தூங்காமல் ஈப்போ வந்து ஓட்டுப் போட்டுவிட்டு அன்றே பஸ் ஏறினான். 2022இல் நவம்பர் மழையில் தேர்தல். சரவாக்கின் பாராம் தொகுதியில் வெள்ளத்தால் சில இடங்களில் வாக்களிப்பே தள்ளிப்போனது.

பதவி வரம்புச் சட்டத்தோடு தேர்தல் மாதத்தையும் நிர்ணயித்துவிடலாம். அரசு பெரும்பான்மை இழந்தால் மட்டும் விலக்கு. வாக்களிப்பு சனிக்கிழமையில், மழைக்காலம் தவிர்த்து நடக்கட்டும்.

ஒரு வாசகர், ஈப்போ