டூரோவின் கற்சுவர்களும் விருந்தினர் அறைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்ச்சுகல் நாட்டின் டூரோ பள்ளத்தாக்கிலுள்ள சொகுசு விடுதிகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான பயணக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அறுவடைக் காலமான செப்டம்பரில், பின்யாவ் என்னும் சிற்றூருக்கு மேலே உள்ள ஒரு திராட்சைத் தோட்ட வீட்டில் நான்கு இரவுகள் தங்கியவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். அறைகளின் வசதியையும் ஆற்றைப் பார்த்தபடி அமைந்த நீச்சல் குளத்தையும் கட்டுரையாளர் வர்ணித்த விதத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் சன்னலுக்கு வெளியே மலை முழுவதும் அடுக்கடுக்காக இறங்கும் கற்சுவர்களை, ரோமானியர் கட்டிய படிகள் என்று ஒரே வரியில் சொல்லி அவர் கடந்துபோனது என்னை மிகவும் வருத்தியது.

அங்கே திராட்சை பயிரிடுவது ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் என்பது உண்மைதான். எனினும் இன்று நம் கண்ணுக்குத் தெரியும் சுவர்களில் பெரும்பாலானவை அதற்கு வெகுகாலம் பிற்பட்டவை. 1860களில் வேர்ப்பேன் எனப்படும் பைலாக்சரா பூச்சி தாக்கிக் கொடிகள் பட்டுப்போன பிறகு, அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டிய கன்றுகளை நடுவதற்காகப் பல சரிவுகள் மறுபடி வெட்டப்பட்டு அகலமான அடுக்குகளாயின. மீண்டும் நடப்படாத பழைய, குறுகலான அடுக்குகளை அவ்வூரார் 'மொர்டோரியூ' என்கிறார்கள். அவற்றில் இப்போது ஒலிவ மரங்களும் புதருமே வளர்கின்றன. பலகை பலகையாகப் பிளக்கும் ஷிஸ்ட் பாறையைக் கடப்பாரையால் உடைத்து, உடைத்த கல்லையே சுவராக அடுக்கி, உடைந்த தூளையே மண்ணாக்கியவர்கள் கூலித் தொழிலாளர்கள். அவர்களில் பலர் ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அவர்கள் உழைப்பை ரோமானியர் கணக்கில் எழுதுவது நியாயமன்று.

நான் தங்கிய வீட்டில், முந்தைய மழையில் சரிந்த ஒரு சுவரைக் கொத்தனார் ஒருவர் சீர்செய்துகொண்டிருந்தார். ஒரு கல்லை எடுப்பார், கையில் இரண்டு மூன்று முறை திருப்பிப் பார்ப்பார், சிறு சுத்தியலால் ஒரு மூலையைத் தட்டிவிட்டு வைப்பார். வைத்த கல் அசையாது. பின்புறம் சில்லுகளை இட்டு நிரப்புவார். சாந்து ஒரு கரண்டிகூட இல்லை. சிமென்ட் பூசினால் மழைநீர் வெளியேற வழியின்றிச் சுவர் வயிறு தள்ளி வெடித்துவிடும் என்று வீட்டு அம்மையார் விளக்கினார். காலை முழுதும் வேலை செய்து கொத்தனார் கட்டியது ஒரு கதவின் அகலம்கூட இருக்காது. அந்தக் கூலியைத் திராட்சை விற்ற பணம் மட்டும் தாங்காது, நான்கு அறைகளின் வாடகைதான் தாங்குகிறது என்று அம்மையார் சொன்னபோதுதான், நான் கொடுத்த யூரோக்கள் எங்கே போகின்றன என்பது புரிந்தது.

இந்த வீடுகள் விருந்தினரை ஏற்கத் தொடங்கியதற்கும் ஒரு காரணம் உண்டு. கட்டுரையில் அது இடம்பெறவில்லை. இப்பள்ளத்தாக்கின் திராட்சையில் செய்யும் போர்ட் ஒயினை ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள விலா நோவா ட கையாவின் கிடங்குகளிலிருந்துதான் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்ற விதி 1986இல் தளர்ந்தது. அதுவரை பெரிய வணிக நிறுவனங்களுக்கு விற்றுவந்த சிறு தோட்டக்காரர்கள் தங்கள் பெயரிலேயே புட்டியில் அடைத்து அனுப்ப முடிந்தது. வாங்குபவரை வீட்டுக்கே அழைத்து உபசரிக்கும் தேவையும் பிறந்தது. தோட்டத்துப் பாதையோரம் 'ஃபெய்டோரியா' (ஏற்றுமதிக்குத் தகுந்த உயர்தர ஒயின் விளையும் நிலம்) என்ற சொல்லும் 1761 என்ற ஆண்டும் பொறித்த கருங்கல் தூண் ஒன்று நின்றது. பின்னாளில் பொம்பால் பிரபு எனப்பட்ட அமைச்சர், ஒயின் விளையும் பகுதிக்கு 1756இல் தொடங்கிய எல்லை வகுப்பின்படி நடப்பட்ட 335 தூண்களில் அதுவும் ஒன்று. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்புகிறவருக்கு, மெத்தையின் தரம் இரண்டாவது செய்தியாகத்தான் இருக்கும்.

காலை உணவைப் பற்றியும் ஒரு சொல். சோள ரொட்டி, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, கத்தியால் வெட்டி எடுக்கும் அளவுக்கு இறுகிய சீமைமாதுளைப் பழப்பாகு, மரத்திலிருந்து அப்போதுதான் பறித்த அத்திப்பழம் ஆகியவற்றை அம்மையார் தாமே கொண்டுவந்து வைத்து, எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். விடியலிலேயே பறிக்கத் தொடங்கிய ஆட்கள் முதல் நடை பெட்டிகளை இறக்கும் ஓசை கேட்டதும் பாதியில் எழுந்து போனார். அன்றிரவு கருங்கல் தொட்டியில் தோளோடு தோள் கோத்து வரிசையாக நின்று திராட்சையை மிதித்தவர்களும் அதே ஆட்கள்தாம். பகல் முழுதும் சரிவில் நின்ற கால்களோடு அவர்கள் எண்ணிக்கை சொல்லி அடியெடுத்து வைக்க, விருந்தினர் சிலர் படம் எடுப்பதற்காக இடையில் இறங்கி வரிசையைக் கலைத்தது எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. அழைத்தால் இறங்கலாம், அழைக்காதபோது ஓரமாக நிற்பதே மரியாதை.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். அறுவடை மாதங்களில் இவ்வீடுகளில் இடம் கிடைப்பதே அரிது. கொடிகளைக் கவாத்து செய்யும் குளிர்காலத்திலோ அறைகள் பலவும் காலியாகக் கிடக்கும். அப்போது போகலாம் என்பதையும், போர்ட்டோவிலிருந்து பின்யாவ் வரை செல்லும் ரயிலில் வலப்பக்க இருக்கையில் அமர்ந்தால், பாதை ஆற்றோரத்தை எட்டிய பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்பதையும் வாசகர்களுக்குத் தெரிவியுங்கள். மற்றொன்று, 2001இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற அந்த நிலத்தின் சுவர்களை ரோமானியர் கட்டியதாகச் சொல்லும் வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி