டியேகோ கார்சியாவின் சாவி

பிரிட்டன் வெளியுறவு அமைச்சகத்தில் இந்தியப் பெருங்கடல் விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து எழுதுகிறேன். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் சாகோஸ் தீவுகளின் கதையை, அதில் பெரிய தீவான டியேகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவ தளம் அமைக்க அங்கிருந்த மக்களை நீங்கள் வெளியேற்றிய கதையை, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோப்பு முழுக்க உங்களிடம்தான் இருக்கிறது.

போன மாதம் முன்னோர்களைக் கும்பிடும் படைப்புக்காக எங்கள் பெரிய வீட்டைத் திறந்தோம். லண்டனில் வேலை பார்க்கும் என் தங்கை மகனும் வந்திருந்தான். முற்றத்து வளவில் உட்கார்ந்து, 2025 மே 22 அன்று நீங்கள் மொரீஷியஸோடு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் போனில் வாசித்துக் காட்டினான். தீவுக்கூட்டம் மொரீஷியஸுக்கு. டியேகோ கார்சியா மட்டும் 99 வருடக் குத்தகையில் உங்கள் கையில். மற்ற தீவுகளில் மக்களைக் குடியமர்த்தலாம், டியேகோ கார்சியாவில் கூடாது. அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். கையெழுத்தாக வேண்டிய அன்றைக்கு விடிவதற்குள் அந்தத் தீவிலேயே பிறந்த இரண்டு பெண்கள் நீதிமன்றத்தில் தடை வாங்கியதும், அதே நாளில் தடை நீங்கியதும், பிறகு நீங்கள் கையெழுத்துப் போட்டதும் அவன் சொல்லித்தான் தெரிந்தது.

அதனால் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். டியேகோ கார்சியாவில் பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அந்தத் தீவிலேயே திரும்பப் போய்க் குடியிருக்கும் உரிமையை எழுத்தில் கொடுங்கள்.

செட்டிநாட்டுக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று தோன்றலாம். பூட்டிய வீட்டைப் பற்றி எங்களுக்குக் கொஞ்சம் தெரியும். எங்கள் தெருவில் பாதிக்கு மேல் பூட்டுதான். சாவி ஒரு சாண் நீளம், காவல்கார அண்ணன் வீட்டு ஆணியில் தொங்கும். கதவைத் திறந்ததும் வௌவால் நாற்றம் அடிக்கும். இரண்டு நாள் கழுவினால் ஆத்தங்குடித் தரைக்கல்லில் பழைய பூ தெரியும். வருடத்துக்கு ஒரு தடவைதான் வருகிறோம், அதுவும் பங்காளிகளுக்குள் சண்டையோடு. ஆனாலும் சாவி எங்களிடம் இருக்கிறது.

பர்மாவில் எங்கள் சாவி போனது வேறு கதை. எங்கள் ஐயா கொண்டுவிற்க, அதாவது வட்டிக்கடை வைக்க, அங்கே போனவர், 1942இல் காடு வழியாக நடந்து திரும்பினார். அப்புறம் 1960களில் மிச்சமிருந்த கடை கண்ணியும் அரசுடைமை ஆயிற்று. எங்கள் மேலும் தப்பு உண்டு, மறைக்கவில்லை. 1930களின் விலை வீழ்ச்சியில் கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நெல்வயல்கள் எங்கள் ஆட்கள் கைக்கு வந்தன. எங்கள் மேல் பர்மாக்காரர்களுக்கு வந்த கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. சாகோஸ்காரர்கள் யாருக்கு வட்டிக்கு விட்டார்கள்? ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள், பின்னால் தென்னிந்தியாவிலிருந்து கூலிக்குப் போனவர்கள், இவர்களின் வாரிசுகள் அவர்கள். தேங்காய் உடைத்துக் கொப்பரை காயவைத்துப் பிழைத்தார்கள்.

அந்தக் கொப்பரைக் கொட்டகை விஷயத்தைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. 1971இல் டியேகோ கார்சியாவைக் காலி செய்தபோது மக்கள் வளர்த்த நாய்களை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. சுட்டுப் பார்த்தார்கள், விஷம் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் கொப்பரை காயவைக்கும் கொட்டகைக்குள் அடைத்து, ராணுவ வண்டிகளின் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். கப்பலேற வேண்டியவர்கள் இன்னும் தீவில்தான் இருந்தார்கள். அடுத்தது நாமோ என்று பயந்ததாகப் பின்னால் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் காவல்கார அண்ணனின் நாய் கருப்பன், வருடம் கழித்துப் போனாலும் முகப்பில் இரண்டு குரைப்புக் குரைத்துவிட்டு, மோந்து பார்த்து, வாலாட்டிக்கொண்டு காலடியில் படுத்துவிடும். படைப்பு முடிகிற வரை அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொட்டகைதான் ஞாபகம் வந்தது.

1966இல் உங்கள் அமைச்சகத்தின் உயர் அதிகாரி ஒருவர் எழுதிய குறிப்பு இப்போது எல்லோருக்கும் தெரியும். கடற்பறவைகளைத் தவிரப் பூர்வகுடிகள் யாரும் இருக்கப்போவதில்லை, அவற்றுக்கு இன்னும் கமிட்டி கிடையாது என்று கேலியாக எழுதினார். பறவைகளுக்கு யோகம்தான். 2010இல் ஏறக்குறைய 6,40,000 சதுர கிலோமீட்டர் கடலைக் காப்பகமாக அறிவித்தீர்கள். பவளத்திட்டு, ஆமை, தென்னையேறும் பெரிய நண்டு, சிவப்புக்கால் கடற்பறவை, எல்லாமே காப்பாற்ற வேண்டியவைதான். மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுப்பதைக் கேட்டறிந்தவன் நான், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் காப்பகம் வந்தால் தீவுக்காரர்கள் திரும்பிவரக் கேட்பது அடங்கிவிடும் என்று உங்கள் அதிகாரி அமெரிக்கத் தூதரகத்துக்காரர்களிடம் பேசியது, கசிந்த தந்தியில் வெளியே வந்துவிட்டதே. அந்தக் காப்பகம் அமைத்த விதம் கடல் சட்டத்துக்கு முரணானது என்று 2015இல் சர்வதேச நடுவர் மன்றமும் சொல்லிவிட்டது. மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடுபாதை, கப்பல் நிற்க ஆழப்படுத்திய காயல், கோல்ஃப் மைதானம், இதையெல்லாம் பவளம் தாங்குகிறது. நூறு குடும்பம் அடுப்பு மூட்டினால் தாங்காதாம்.

2021 அக்டோபரில் படகு பழுதாகி அங்கே கரையேறிய இலங்கைத் தமிழர்களை வேலிக்குள் கூடாரத்தில் மூன்று வருடம் வைத்திருந்தீர்கள். அது சட்டவிரோதக் காவல் என்று 2024 டிசம்பரில் இந்தத் தீவுகளை நீங்கள் ஆளும் பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தின் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. வந்தவர்களைப் போகவிடவில்லை, போனவர்களை வரவிடவில்லை. குத்தகைக்கு வருடம் சராசரியாக 10.1 கோடி பவுண்டு கொடுக்கச் சம்மதித்திருக்கிறீர்கள். வாடகை கொடுக்கத் தெரிகிறது, வீட்டுக்காரர் யார் என்பதில்தான் குழப்பம்.

சரி, கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ராணுவ தளத்தை எடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அது என் அளவுக்கு மீறிய பேச்சு. தளத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கி வேலை செய்கிறார்கள். அதே தீவில் பிறந்தவர்களும் தங்கலாம் என்றுதான் கேட்கிறேன். 2006இல் ஏறக்குறைய நூறு பேரைக் கூட்டிப்போனீர்கள். மூதாதையர் கல்லறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். விருந்தாளி மாதிரி வந்துபோவது போதாது, ஐயா. டியேகோ கார்சியாவில் குடியிருக்கும் உரிமையை எழுத்தில் கொடுங்கள். அங்கே பிறந்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள் எல்லோருக்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது, அதனால் சீக்கிரம் கொடுங்கள்.

பதில் ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை, மருமகன் படித்துச் சொல்வான். அடுத்த படைப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
பணிவுடன்,
செட்டிநாட்டுக்காரன் ஒருவன்