எஞ்சின் நின்னா விமானம் கல்லு மாதிரி விழாது

ஆசிரியருக்கு வணக்கம்,

சின்ன விமானம் எதுவாவது வயல்ல இறங்குனா பைலட் அதிர்ஷ்டவசமா உயிர் தப்பினார்னு எழுதி முடிச்சிடுறீங்க, அதிர்ஷ்டம் கொஞ்சம் இருக்கலாம் சார், மிச்சமெல்லாம் பயிற்சிதான்.

செஸ்னா 172 மாதிரி ஒத்த எஞ்சின் சின்ன விமானத்துல எஞ்சின் நின்னு போனாலும் இறக்கை அது பாட்டுக்கு வேலை செய்யும், மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி 65-68 நாட் (மணிக்கு சுமார் 120-126 கிலோமீட்டர்) வேகத்துல பிடிச்சா 1000 அடி இறங்குறதுக்குள்ள காத்து இல்லாட்டி ரெண்டரை கிலோமீட்டருக்கு மேலயே மிதந்து போகும். முதல்ல வேகம், அடுத்து இறங்க இடம், அப்புறம்தான் ஏன் நின்னுச்சுன்னு நோண்டுறது, அதாவது வேற எரிபொருள் டேங்க்குக்கு மாத்துறது, எரிபொருளயும் காத்தையும் கலக்குற கார்புரேட்டருக்கு சூடு குடுக்குற கார்புரேட்டர் ஹீட் போடுறது இதெல்லாம். வெயில் நாள்லயும் ஈரக்காத்து இருந்தா கார்புரேட்டர்ல ஐஸ் கட்டும், இத சொன்னா பல பேர் நம்பவே மாட்டாங்க!

ரொம்ப ஆபத்து டேக்ஆஃப் ஆன உடனே நிக்கிறதுதான். உயரம் இல்லாம ரன்வேக்கே திரும்பப் பாத்து வேகம் போயி ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்குற சக்திய இழந்து, விழுந்தவங்க உண்டு, அதனாலதான் நேரா முன்னாடியே இறங்குன்னு சொல்லிக்குடுக்குறாங்க.

2015ல நடிகர் ஹாரிசன் ஃபோர்டு தான் ஓட்டுன விமானத்தோட எஞ்சின் நின்னு கலிஃபோர்னியால கோல்ஃப் மைதானத்துல இறங்குனது எல்லாருக்கும் தெரியும். கார்புரேட்டர்ல ஒரு ஜெட் (எரிபொருள அளந்து விடுற சின்னத் துளை உள்ள திருகு) கழண்டதுதான் காரணம்னும், தோள் பெல்ட்ட விமானத்துல சரியா பொருத்தி வைக்காததால காயம் கூடுச்சுன்னும் விசாரணைல வந்தது எத்தன பேருக்குத் தெரியும்? விபத்தன்னிக்கு ஒரு பக்கம் போடுறீங்க, மாசக்கணக்குல கழிச்சு வர்ற அறிக்கைக்கும் நாலு வரி ஒதுக்குங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்