அப்பாவின் கடையைத் தாங்கிய உங்களுக்கு

அப்பாவின் 31ஆம் நாள் கிரியைக்கு வீடு கொள்ளாத சனம் வந்திருந்தீர்கள். ஒவ்வொருவர் கையையும் பிடித்து நாலு சொல் பேச அன்றைக்கு என்னால் முடியவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

திருகோணமலையில் இன்று எங்கள் மோட்டார் சைக்கிள் ஷோரூமைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அது ஒரு தகரக் கொட்டகையில் தொடங்கியது தெரியாது. அப்பா அங்கே பங்சர் ஒட்டினார். ஹொண்டா சி 50, சி 70, சி 90 எல்லாம் பழுதுக்கு வர, அவற்றைக் கழற்றிப் பூட்டியே தொழில் படித்தார். கிளச் லீவர் இல்லாத அந்தச் சின்ன வண்டியின் பின்னால் மீன்பெட்டி கட்டிக்கொண்டு உப்புவெளியில் இருந்தும் நிலாவெளியில் இருந்தும் வருவார்கள். பெட்டியில் இருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் செயினையும் ரிம்மையும் தின்றுவிடும். “முதல் வண்டிக்கு நல்ல தண்ணி ஊத்து, பிறகு நீ குளி” என்று அப்பா எல்லோரையும் ஏசுவார். கடலுக்குப் போகும் அந்த அண்ணன்மார்தான் எங்கள் முதல் வாடிக்கையாளர்கள். காசு இல்லாத நாளில் மீன் தருவார்கள். நாங்கள் வளர்ந்தது அந்த மீனில்தான்.

யுத்த காலத்தில் உதிரிப்பாகம் எடுப்பது பெரும்பாடு. கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கி, ரயில் ஓடும் நாளில் இரவு மெயிலிலும் ஓடாத நாளில் பஸ்ஸிலும் கொண்டுவர வேண்டும். கிண்ணியா நானா ஒருவர் தன் வியாபாரப் பயணத்தோடு இதையும் சேர்த்து வருஷக்கணக்காகச் செய்தார். சோதனைச் சாவடியில் பொதியை அவிழ்த்து, இது பிஸ்டன் ரிங், இது கிளச் பிளேட் என்று ஒவ்வொன்றாகக் காட்டி விளங்கப்படுத்திவிட்டு வருவார். எங்களிடம் கொடுத்துவிட்டு வீடு போகவும் அவர் பாதைக்கு, அதுதான் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்து நிற்க வேண்டும். கிண்ணியாப் பாலம் வந்தது 2009இல்தானே. நானா, ஒரு ரூபாய் கூலி நீங்கள் வாங்கியதில்லை.

புது வண்டி விற்கும் முகவர் உரிமைக்கு வங்கி உத்தரவாதம் கேட்டபோது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் காணி உறுதியைக் கொண்டுவந்து அப்பாவின் மேசையில் வைத்தார். பேச்சுக்குக்கூட ஒரு நிபந்தனை வைக்கவில்லை. ஐயா, அந்த உறுதியைத் திருப்பித் தந்த அன்றுதான் அப்பா நிம்மதியாக நித்திரை கொண்டார் என்று அம்மா சொல்லுவா.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. திரும்பத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். கிட்டத்தட்ட 5 வருஷம் விற்கப் புது வண்டி இல்லை. 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு முதலில் கிடைத்தது கிழமைக்கு 4 லீட்டர் பெட்ரோல். சர்வீஸ் வேலையும் குறைந்துபோனது. எங்கள் மெக்கானிக் தம்பிமார் அரைச் சம்பளத்துக்கு நின்றார்கள், ஒருவரும் விட்டுப் போகவில்லை. பக்கத்துக் கடைச் சிங்கள முதலாளி சாமான் வைக்க இடம் வேண்டும் என்று ஷோரூமில் பாதியை வாடகைக்கு எடுத்தார். மாமா, உங்களுக்கு அந்த இடம் தேவைப்படவே இல்லை என்பது அப்போதே எங்களுக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. 2004 சுனாமியில் வண்டியைப் பறிகொடுத்த சிலர் கிரியையன்று வந்து, பழைய தவணைக் காசு என்று அம்மாவின் கையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அந்தக் கடன் கணக்குப் பக்கங்களை அப்பா அப்போதே கொப்பியில் இருந்து கிழித்துவிட்டார். காசு அம்மாவிடம் பத்திரமாக இருக்கிறது. திங்கட்கிழமை கடை திறக்கிறோம், வந்து வாங்கிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
மகள்