அந்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய வினாடி வினாக் குழுவினருக்கு,

வணக்கம். இறுதிச் சுற்றின் கடைசிக் கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும். முறையீட்டுக்குப் பதில் வராததால் பொதுவில் எழுதுகிறேன்.

கேள்வி இது: புதைபடிவங்கள் (கல்லில் பதிந்துபோன பழைய உயிர்களின் எச்சங்கள்) பைபிள் சொல்லும் நோவா காலப் பெருவெள்ளத்தில் உண்டானவை என்றவர்கள் யார்? எங்கள் மாணவி 'அந்தக் கால விஞ்ஞானிகள்' என்றாள். உங்கள் விடைத்தாளில் இருந்ததோ 'அறிவியலுக்கு எதிரானவர்கள்'. அரங்கில் சிரிப்பு. அவள் காரணம் சொல்ல வாயெடுத்ததுமே மைக்கை வாங்கிக்கொண்டார்கள். தோற்றதுகூடப் பரவாயில்லை. "இனிமே பாடப்புத்தகத்துல இருக்கறத மட்டும் படிக்கிறேன் சார்" என்றாளே, அதுதான் பொறுக்கவில்லை. விடைத்தாளைத் திருத்துங்கள், அந்த மதிப்பெண்ணைக் கொடுங்கள்.

அவள் சொல்ல வந்தது இதுதான். வெள்ளத்தில் பாறைகளெல்லாம் கரைந்து, பிறகு எல்லாம் கனத்துக்குத் தக்கபடி அடுக்கடுக்காகப் படிந்தன என்று 1695இல் ஜான் உட்வர்ட் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் எழுதினார். தவறுதான். ஆனால் பாறை அடுக்குகளைப் பார்த்தே சரிபார்த்துவிடக்கூடிய தவறு. கல்லுக்குள் இருக்கும் சிப்பி இயற்கையின் விளையாட்டு என்று பலர் நம்பிய காலத்தில், அது உயிரோடிருந்த சிப்பியேதான் என்று வாதாடியவர் அவர்.

ஷொய்க்சர் என்ற சுவிஸ் ஆய்வாளர் 1726இல் கல்லில் பதிந்த ஓர் எலும்புக்கூட்டை வெள்ளத்தில் மாண்ட மனிதன் என்றார். 1811இல் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே அந்தக் கல்லைச் செதுக்கி, அது ராட்சத சாலமாண்டர் (பல்லி போன்ற உருவமுள்ள, தவளை இனத்துக்கு நெருங்கிய நீர்வாழ் விலங்கு) என்று காட்டினார். சரி, இதற்குச் சிரிக்கலாம். பக்லண்டை என்ன செய்வீர்கள்? பாதிரியார், ஆக்ஸ்ஃபோர்டில் நிலவியல் கற்பித்தவர். 1821இல் இங்கிலாந்தின் கிர்க்டேல் குகையில் கிடைத்த எலும்புகள் வெள்ளம் அடித்து வந்தவை அல்ல, அங்கேயே வாழ்ந்த கழுதைப்புலிகள் கடித்துப் போட்டவை என்றார். உயிருள்ள கழுதைப்புலி கடித்த எலும்போடு ஒப்பிட்டும் பார்த்தார். மேலே படிந்த சேறு மட்டும் வெள்ளத்தின் வேலை என்றவர், 1836இல் அதையும் கைவிட்டார்.

அவருக்கு முன்பே, 1831இல், செட்ஜ்விக் என்ற இன்னொரு நிலவியலாளர் லண்டன் நிலவியல் கழகத் தலைவராக இருந்துகொண்டே தன் வெள்ளக் கருத்தைத் திரும்பப் பெற்றார். கேம்பிரிட்ஜில் அவர் வகித்த பேராசிரியர் பதவி உட்வர்ட் பெயரில் அமைந்தது. உங்கள் கணக்குப்படி அறிவியலின் எதிரிக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். கேம்பிரிட்ஜுக்கும் ஒரு மைனஸ் மார்க் போட்டுவிடுங்கள்!

  

கோப்பை வேண்டாம், அது வென்ற பள்ளியிடமே இருக்கட்டும். விடைத்தாளைத் திருத்தி, அவள் சொன்னது சரி என்று அவள் பெயருக்கே ஒரு கடிதம் அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியர்